நடக்காத மூன்றாவது மோதல்

"இன்னிக்கு நாலு மணிக்குச் சுவரை இடிக்க ஆள் வர்றான். அதுக்குள்ள திருடனைப் பிடிச்சுக் குடுங்க" என்றாள் அந்த அம்மாள், நாற்காலியில் உட்காரும் முன்பே.

காலை பத்து மணிக்கு, அதுவும் மழையில் நனைந்துகொண்டு, துப்பறியும் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கணவனைப் பின்தொடரச் சொல்வார்கள். அதற்கென்றே ரப்பர் ஒரு சோக முகம் வைத்திருந்தான். அதை அவசரமாகக் கழற்றி வைத்துவிட்டு, "என்னக்கா திருடு போச்சு?" என்றான்.

"ஓட்டு."

"எத்தனை?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இங்க வர்றேன்?"

நியாயமான கேள்வி. ரப்பர் தன் முதலாளியைத் திரும்பிப் பார்த்தான். முதலாளியின் பெயர் கொக்கி. வீட்டில் வைத்த பெயர் இல்லை. தணிக்கை அலுவலகத்தில் இருந்த காலத்தில் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்புவாள், அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். கடைசியில் அவளை வேலையை விட்டு அனுப்பிய உத்தரவிலும் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பித் தந்துவிட்டுத்தான் போனாள் என்று ஒரு கதை உண்டு. கதையைப் பரப்பியவன் ரப்பர் என்பதால் அதில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம். எதையும் இழுத்து இழுத்துச் சொல்கிறவனுக்கு வேறு என்ன பெயர் வரும்?

"நிதானமா, முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றாள் கொக்கி.

அந்த அம்மாளுக்கு ஊர் ஓரத்துக் கூட்டுறவுச் சலவை ஆலையில் வேலை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளும் ஓட்டல் மேஜை விரிப்புகளும் வெளுக்கிற இடம். அங்கே இஸ்திரிப் பிரிவுக்கு அவள்தான் தலைவி. ஆலை முழுக்க அவளுக்கு இஸ்திரி அக்கா என்றுதான் பெயர்.

"மொத்தம் இருபத்துமூணு பேர் மேடம். சலவை, இஸ்திரி, வண்டின்னு மூணு பிரிவு. இருபத்துமூணு பேரும் முதலாளிங்க. அதனால யார் சொல்றதையும் யாரும் கேக்க மாட்டோம். எதுக்கெடுத்தாலும் ஓட்டுதான்."

"ரொம்ப நல்ல ஆலையா இருக்கே" என்றான் ரப்பர்.

"பின்னாடி ஒரு கூடம் இருக்கு. இப்போ அதுல புள்ளைங்க காப்பகம் நடக்குது. என் பொண்ணும் அங்கதான் இருக்கா, மூணு வயசு. சலவைக்காரங்க அந்தக் கூடத்துல துணி காய வைக்கிற மெஷின் போடணும்ங்கறாங்க. வண்டிக்காரங்க வண்டி நிறுத்தக் கொட்டகை வேணும்ங்கறாங்க. நேத்து ஓட்டு நடந்துச்சு. மெஷின் ஜெயிச்சிடுச்சு. மெஷினை உள்ள கொண்டு வரத்தான் சுவரை இடிக்கறாங்க." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "காப்பகம் போச்சுன்னா நானும் வேலைய விட வேண்டியதுதான். பாத்துக்க வீட்ல ஆள் இல்ல. என் பிரிவுல இன்னும் அஞ்சு பேருக்கு இதே கதி."

"எப்படி ஓட்டுப் போட்டீங்க?"

"கை தூக்கி. ரெண்டு ரெண்டா மோத விடுவோம். முதல்ல காப்பகமா, கொட்டகையான்னு கேட்டாங்க. கொட்டகை ஜெயிச்சுது. அப்புறம் கொட்டகையா, மெஷினான்னு கேட்டாங்க. மெஷின்."

"ஆக, நீங்க முதல் ஆட்டத்துலயே அவுட்" என்றான் ரப்பர்.

இஸ்திரி அக்காவுக்குச் சுருக்கென்றது. "அது மரியாதை தம்பி. ஆலைல யாருக்கு மதிப்பு அதிகமோ அவங்க யோசனையத்தான் முதல்ல எடுப்போம். ஆரம்பத்துலேர்ந்து அப்படித்தான். நேத்து என் வீட்டுக்காரரே எழுந்து நின்னு, 'இந்த ஆலைக்கு அவ உழைச்ச உழைப்புக்கு அவ யோசனையத்தான் முதல்ல எடுக்கணும்'னு சொன்னாரு. அவரும் அங்கதான், சலவைல. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

"சந்தேகம் யார் மேல?"

"கையை எண்ணினது எங்க தலைவர். பாய்லர் பாக்கறவரு, எந்தப் பிரிவும் இல்ல, அதனால ஓட்டும் இல்ல. தங்கமான மனுஷன், ஆனா கண்ணாடி போட்டாலும் கண்ணு தெரியாது. எவனோ ரெண்டு கையத் தூக்கியிருக்கான்."

கொக்கி குடையை எடுத்தாள். அவள் குடையை எடுத்தால் வழக்கை எடுத்துக்கொண்டாள் என்று அர்த்தம். ரப்பருக்குக் குடை கிடையாது.

*

சலவை ஆலைத் தலைவர் பாய்லருக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, சூட்டுக்குச் சுகமாகக் கண்ணை மூடியிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து நின்றேவிட்டார்.

"திருட்டா? என் எண்ணிக்கைல திருட்டா? ரெண்டு தடவை எண்ணினேம்மா. காப்பகத்துக்குப் பத்து, கொட்டகைக்குப் பதிமூணு. அடுத்ததுல கொட்டகைக்கு அஞ்சு, மெஷினுக்குப் பதினெட்டு. எழுதிக்கூட வைக்கல, எல்லாம் மண்டைலயே இருக்கு."

ரப்பர் அவர் மூக்குக்கு நேரே இரண்டு விரலை நீட்டினான். "இது எத்தனை தலைவரே?"

"ரெண்டு. ஒண்ணுல நகம் வெட்டல."

கொக்கி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "பத்தும் பதிமூணும் இருபத்துமூணு. அஞ்சும் பதினெட்டும் இருபத்துமூணு. எவனாவது ரெண்டு கை தூக்கியிருந்தா ஒண்ணு கூடியிருக்கணும். எண்ணிக்கைல திருட்டு இல்ல."

ரப்பருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பஸ்ஸில் வரும்போதே அவன் ஒரு முகமூடித் திருடனைக் கற்பனை செய்து வைத்திருந்தான். "அப்போ கேஸ் முடிஞ்சுதா பாஸ்? மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடலாம்."

"மூணு யோசனை. ரெண்டு ரெண்டா மோத விட்டா எத்தனை மோதல் வரணும்?"

ரப்பர் விரலை மடக்கினான். "காப்பகம், கொட்டகை. கொட்டகை, மெஷின். மெஷின், காப்பகம். மூணு."

"நடந்தது?"

"ரெண்டு."

"அந்த மூணாவதைப் போய் நடத்திட்டு வா. ஒவ்வொரு பிரிவுலயும் கேளு. எது முதல்ல பிடிக்கும், எது அடுத்து, எது ஆகவே ஆகாது. வளவளன்னு பேசிட்டு நிக்காத."

கடைசி உத்தரவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ரப்பர் ஒழுங்காகச் செய்தான்.

இஸ்திரிக் கூடத்தில் பத்துப் பெண்கள். உள்ளே நுழைந்ததும் அவன் சட்டையைக் கழற்றச் சொல்லி, ஈரம் போக ஒரு இழுப்பு இழுத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்களுக்குக் காப்பகம் முதலில். அடுத்து மெஷின், ஏனென்றால் துணி ஈரமாக வந்தால் இஸ்திரியில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்குகிறது. கொட்டகை கடைசி. "வண்டி நனைஞ்சா நனையட்டும். அது என்ன ஜலதோஷம் பிடிச்சு அழுவுதா?" என்றாள் ஒருத்தி.

சலவைப் பிரிவில் எட்டு ஆண்கள். மெஷின் முதலில், மழைக்காலத்தில் ஈர மூட்டையை நாலு மாடி தூக்கிக்கொண்டு போய்க் கூரைக்குக் கீழே உலர்த்துகிறவர்கள் வேறு எதைக் கேட்பார்கள்? அடுத்து கொட்டகை, ஏனென்றால் வண்டிகள் இப்போது அவர்கள் வாசலை அடைத்து நிற்கின்றன. காப்பகம் கடைசி. போன வாரம் ஒரு வாண்டு சிவப்பு கிரேயானை சலவை மெஷினுக்குள் போட்டு, ஒரு ஆஸ்பத்திரி முழுக்க ரோஸ் விரிப்பில் படுத்திருந்ததாம். நோயாளிகளுக்குப் பிடித்திருந்தது என்றும் ஒருவர் சொன்னார்.

வண்டிப் பிரிவில் ஐந்து பேர். அவர்கள் தலைவனுக்கு ஹாரன் என்று பெயர். அவன் பேசுவதைக் கேட்டால் காரணம் கேட்க வேண்டாம். கொட்டகை முதலில். அடுத்து காப்பகம், அவர்களில் இரண்டு பேரின் பிள்ளைகள் அங்கேதான். மெஷின் ஆகவே ஆகாது. "மெஷின் வந்தா துணி சீக்கிரம் காயும். சீக்கிரம் காஞ்சா சீக்கிரம் வண்டிய எடுக்கச் சொல்லுவாங்க. எதுக்கு வம்பு?" என்ற ஹாரன், சந்தேகமாகப் பார்த்தான். "ஆமா, எல்லாரும் ஏன் இதையே கேக்கறீங்க?"

ரப்பரின் காது நிமிர்ந்தது. "எல்லாரும்னா?"

"போன வாரமும் ஒருத்தர் டீ வாங்கிக் குடுத்து இதையே கேட்டாரே. கொட்டகையா காப்பகமா, காப்பகமா மெஷினான்னு. வாங்கிக் குடுத்த டீக்கு பதில் சொல்லணுமில்ல, சொன்னோம்."

"யாரு?"

ஹாரன் முற்றத்துக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினான். அங்கே சலவைப் பிரிவுக்காரர் ஒருவர் ஈரத்துணிக் கூடையோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில், ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து ஏறினார்.

"அவருதான். இஸ்திரி அக்கா வீட்டுக்காரரு."

*

ரப்பர் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு எடுத்துக்கொண்டு பாய்லர் அறைக்கு ஓடி வந்தான். இஸ்திரி அக்கா அங்கே இல்லை; பிள்ளைக்குச் சோறு ஊட்டப் போயிருந்தாள்.

"பாஸ், மூணாவது மோதல்ல காப்பகம் ஜெயிக்குது. இஸ்திரி பத்து, வண்டி அஞ்சு, மொத்தம் பதினைஞ்சு. மெஷினுக்கு எட்டே எட்டு. ஆனா ஒண்ணுதான் உதைக்குது. கொட்டகை காப்பகத்தை அடிக்குது. மெஷின் கொட்டகைய அடிக்குது. காப்பகம் மெஷினை அடிக்குது. அப்போ யாருதான் பெரியவங்க?"

"உங்க வீட்ல யாரு பெரியவங்க?"

"அது ஒரு கதை. மாமியார் மாமனாரை அதட்டுவாங்க. மாமனார் என் பொண்டாட்டிய அதட்டுவாரு. என் பொண்டாட்டி மாமியாரை அதட்டுவா."

"கடைசில யார் சொன்னது நடக்கும்?"

ரப்பர் யோசித்தான். இத்தனை வருடம் அந்த வீட்டில் இருந்தும் இதை யோசித்ததில்லை. "யாரு கடைசியா வந்து அதட்டறாங்களோ, அவங்க."

"அதேதான். இந்த மாதிரி சுத்திச் சுத்தி வர்றப்போ, முதல்ல இறங்கறவன் தோப்பான். கடைசில நிதானமா வர்றவன் ஜெயிப்பான். கொட்டகையும் மெஷினும் முதல்ல மோதி, காப்பகம் கடைசில வந்திருந்தா, அதே இருபத்துமூணு பேர், அதே மனசு, காப்பகம் ஜெயிச்சிருக்கும். ஓட்டு திருடு போகல ரப்பர். வரிசை திருடு போயிருக்கு."

தலைவர் முக்காலியில் நெளிந்தார். "வரிசை சும்மா ஒரு மரியாதைக்கும்மா. அதுல என்ன இருக்கு?"

"எல்லாமே அதுலதான் இருக்கு. இத்தனை வருஷமா மதிப்பானவங்களைக் கூப்பிட்டு மாலை போட்டுப் பள்ளத்துல தள்ளியிருக்கீங்க. நேத்து காப்பகத்தை முதல்ல எடுக்கச் சொன்னது யாரு?"

தலைவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். ரப்பரும் அதையே செய்தான், ஆனால் அவனால் அதிக நேரம் மூடியிருக்க முடியாது.

"பாஸ், கேஸ் குடுத்த அக்காகிட்ட யாரு சொல்றது?"

"எங்கிட்ட என்ன சொல்லணும்?" என்று கேட்டுக்கொண்டே இஸ்திரி அக்கா உள்ளே வந்தாள். இடுப்பில் பிள்ளை, பிள்ளையின் கன்னத்தில் சோறு.

கொக்கிக்கு எதையும் சர்க்கரை தடவிச் சொல்லத் தெரியாது. "உங்க வீட்டுக்காரர் உங்களை அடிக்கடி பாராட்டுவாரா?"

"அவரா? கல்யாணமாகிப் பதினாறு வருஷம். குழம்பு நல்லா இருக்குன்னுகூடச் சொன்னதில்ல." சொல்லி முடித்தபோதே அவள் முகம் மாறியது. நேற்று அத்தனை பேர் நடுவில் கேட்ட அந்தப் பாராட்டை அவள் இப்போது வேறு பக்கத்திலிருந்து பார்த்தாள். பிள்ளையைத் தலைவர் மடியில் உட்கார வைத்துவிட்டு, மாடிப்படியைப் பார்த்து நடந்தாள். அந்த நடைக்கு முன்னால் நிற்க ரப்பருக்குத் தைரியம் இல்லை, பின்னால் போனான்.

அவர் மூன்றாவது மாடி வளைவில், கூடையைக் கீழே வைத்துவிட்டு, முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவியைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை.

"என்னை எதுக்குங்க முதல்ல எடுக்கச் சொன்னீங்க?"

அவர் பொய் சொல்லத் தயாராகிறவர் போல இருமினார். பொய் வரவில்லை. "நீ தோக்கணும்னுதான்."

"அத்தனை பேர் முன்னாடி புகழ்ந்து பேசினது?"

"அது பொய்யில்ல. நீ உழைச்சது நிஜந்தானே. ஆனா சொன்னது அதுக்காக இல்ல." அவர் முழங்காலைப் பார்த்துப் பேசினார். "டாக்டர் இனிமே மாடி ஏறினா நடையே போயிடும்னுட்டாரு. ஆறு மாசம் ஆச்சு. உங்கிட்ட சொன்னா வேலைய விடச் சொல்லுவ. மெஷின் வந்துட்டா ஏற வேண்டாம். நான் ராத்திரி ஷிஃப்ட் எடுத்துக்கிட்டு பகல்ல பாப்பாவைப் பாத்துக்கலாம்னு இருந்தேன். நீ வேலைய விட வேண்டாம். எல்லாம் யோசிச்சுதான் செஞ்சேன்."

"என் பிரிவுல அஞ்சு பேர் புள்ளைங்க இருக்கே? அதையும் யோசிச்சீங்களா?"

 இஸ்திரி அக்காவுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டில் எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல், கூடையைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று மாடிக்குப் போய்விட்டாள். ரப்பர் அவர் எழுந்திருக்கக் கை கொடுத்தான்.

*

மூன்றரை மணிக்கு எல்லாரும் சாப்பாட்டுக் கூடத்தில் கூடினார்கள். நாலு மணிக்கு வர வேண்டிய கடப்பாரைக்காரர் முன்னாலேயே வந்து, மூலையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "எது ஜெயிச்சாலும் எனக்கு ஒண்ணுதான். இடிக்கணுமா, கிளம்பணுமா, அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

தலைவர் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். யார் செய்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. அது இஸ்திரி அக்கா கேட்டுக்கொண்டது. "மறுபடி ஓட்டுப் போடுவோம். நஷ்டப்பட்டது நீதாம்மா. இந்தத் தடவை வரிசைய நீயே போடு."

கூடமே அவளைப் பார்த்தது. ரப்பர் மனசுக்குள் கத்தினான்: கடைசியில் போடு அக்கா, காப்பகத்தைக் கடைசியில் போடு, நாமெல்லாம் நேரத்தோடு வீட்டுக்குப் போகலாம்.

அவள் கொக்கியிடம் குனிந்து மெதுவாகக் கேட்டாள். "கடைசில போட்டா ஜெயிச்சிடுவேன்ல?"

"ஜெயிச்சிடுவீங்க."

அவள் எதிர் வரிசையில் இருந்த கணவரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்திருந்தார். "வேண்டாம் மேடம். அவர் செஞ்சதையே நானும் செஞ்சிட்டு வீட்ல போய் எப்படிச் சண்டை போடறது? வரிசையே இல்லாம ஒரு வழி சொல்லுங்க."

கொக்கி எழுந்தாள். "வழி நிறைய இருக்கு. அப்பழுக்கு இல்லாத வழின்னு ஒண்ணுகூடக் கிடையாது, அதைக் கணக்குப் படிச்சவங்களே நிரூபிச்சு வச்சிருக்காங்க. கொஞ்சம் நல்லது, ரொம்ப மோசம்னு வேணா பிரிக்கலாம். ரெண்டு சொல்றேன். ரெண்டுலயும் ஆளுக்கொரு சீட்டுல மூணையும் வரிசையா எழுதணும். ஒண்ணு, மார்க் முறை. முதல்ல எழுதினதுக்கு ரெண்டு மார்க், அடுத்ததுக்கு ஒண்ணு, கடைசிக்கு சைபர். கூட்டிப் பாத்து அதிகம் வாங்கினது ஜெயிக்கும். இன்னொண்ணு, லீக் முறை. எல்லாம் எல்லாத்தோடயும் மோதும். யார்கிட்டயும் தோக்காதது ஜெயிக்கும். சுத்திச் சுத்தி வந்தா, மூணு வெற்றில எது ரொம்ப சொற்ப வித்தியாசத்துல வந்ததோ அதை ரத்து பண்ணிடணும்."

"எதுல எது ஜெயிக்கும்?" என்றது ஒரு குரல்.

"அதைச் சொல்ல மாட்டேன். விதிய முதல்ல எடுங்க, விடைய அப்புறம் பாருங்க. தலைகீழாச் செஞ்சா நேத்து நடந்த கூத்துதான் இன்னிக்கும்."

ரப்பர் பின்வரிசையில் பஸ் டிக்கெட்டில் கிறுக்கினான். மார்க் முறையில் மெஷினுக்கு இருபத்தாறு, காப்பகத்துக்கு இருபத்தைந்து. ஒரே ஒரு மார்க்கில் காப்பகம் காலி. லீக் முறையில் காப்பகம் பிழைத்துக்கொள்ளும்.  கொக்கி வந்து டிக்கெட்டை அவன் கையிலிருந்து உருவித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"எந்த முறைன்னு கை தூக்கப் போறோமே, அதுல வரிசை வராதா?" என்று தலைவர் கேட்டார். ஒரே நாளில் மனிதர் தேறிவிட்டார்.

"ரெண்டே ரெண்டு இருந்தா வரிசைக்கு வேலையே இல்ல தலைவரே."

மார்க் முறைக்குச் சலவைப் பிரிவில் நல்ல ஆதரவு இருந்தது. அதிலிருந்த ஒருவர் உற்சாகம் தாங்காமல் எழுந்து, "மார்க்கே வைங்க. எனக்கு ரெண்டாவதா எது பிடிக்குதுன்னு எவன் பாக்கறான்? எது நமக்குப் போட்டியோ அதுக்கு சைபரப் போட்டுக் கவுத்துடலாம்" என்றார். அவர் பக்கத்திலிருந்தவர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது.

"அப்போ எல்லாரும் அதையேதான் செய்வான்" என்று ஹாரன் ஊதினான். "லீக்குதான் சரி. எல்லாரும் எல்லாரோடயும் ஆடட்டும்." கைகள் எழுந்தன. லீக் முறை சுலபமாக ஜெயித்தது. ரப்பர் மூச்சு விட்டான்.

சீட்டு எழுதும் நேரத்தில் இஸ்திரி அக்கா அவன் பக்கத்தில் வந்து நின்றாள். "தம்பி, நீ கணக்குப் போட்டு வச்சிருக்கன்னு தெரியும். விதிதான் முடிவாயிடுச்சே, இப்போ சொல்லலாமில்ல. எங்க பக்கம் ஒரே ஒரு சீட்டு மாறி விழுந்தா காப்பகம் தோத்துடுமா?"

பாவம், எவளாவது கவிழ்த்துவிடுவாளோ என்று பயப்படுகிறாள் என்று நினைத்தான் ரப்பர். "ஒண்ணு மாறினாலும் தோக்காது அக்கா. தைரியமா இருங்க."

"அது போதும்" என்று அவள் போய்விட்டாள்.

சீட்டுப் போடுவதிலும் அந்த ஆலைக்கு ஒரு வழக்கம் இருந்தது. அழுக்குத் துணி பிரித்துப் போடும் வலைப்பைகள் மூன்று. இஸ்திரிக்கு நீலம், சலவைக்கு வெள்ளை, வண்டிக்குப் பச்சை. அவரவர் பையில் அவரவர் சீட்டு. பெயர் எழுத வேண்டாம். ஹாரனே படித்தான், தெருமுனை வரை கேட்டது.

பச்சைப் பையில் ஐந்திலும் கொட்டகை முதலில். நீலப் பையில் ஒன்பது சீட்டில் காப்பகம் முதலில், ஒரு சீட்டில் மட்டும் மெஷின் முதலில்.

இஸ்திரிப் பெண்கள் ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். "யாருடி அது?" என்று எல்லாருக்கும் மேலே கேட்டது இஸ்திரி அக்காவின் குரல். "நம்ம சோத்துல நாமளே மண்ணைப் போடறது யாருடி?"

வெள்ளைப் பையில் ஏழு சீட்டில் மெஷின் முதலில். ஒன்றில் காப்பகம்.

"எவன்டா அது?" என்று இஸ்திரி அக்காவின் கணவர் தன் ஆட்களைப் பார்த்துத் திரும்பினார். "பிரிவோட ஒத்துப் போகத் தெரியாதவன்?"

தலைவர் கூட்டிச் சொன்னார். மெஷின் கொட்டகையைப் பதினெட்டுக்கு ஐந்தில் அடித்தது. காப்பகம் மெஷினைப் பதினைந்துக்கு எட்டில் அடித்தது. கொட்டகை காப்பகத்தை வென்றது பன்னிரண்டுக்குப் பதினொன்றில், ஒரே ஒரு ஓட்டில். அதுதான் இருப்பதிலேயே சொற்பம், ரத்து. காப்பகம் யாரிடமும் தோற்கவில்லை என்றாகிவிட்டது. "எங்க வெற்றியா ரத்து?" என்று ஹாரன் எழுந்தான். அந்த முறையைக் கேட்டு வாங்கியதே தான்தான் என்பது நினைவுக்கு வந்து உட்கார்ந்தான். இஸ்திரிப் பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். கடப்பாரைக்காரர் தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினார்.

"பதினைஞ்சுக்கு எட்டு! காலைல நான் போட்ட கணக்கு, ஒரு புள்ளி பிசகல பாஸ்" என்றான் ரப்பர், பெருமை தாங்காமல்.

"கூட்டல்தான் பிசகல" என்றாள் கொக்கி. "நீலத்துலேர்ந்து ஒண்ணு அந்தப் பக்கம் போச்சு. வெள்ளைலேர்ந்து ஒண்ணு இந்தப் பக்கம் வந்துச்சு. ரெண்டு பக்கமும் யாரு ரொம்ப சத்தம் போட்டாங்கன்னு கவனிச்சியா?"

ரப்பர் திரும்பி இஸ்திரி அக்காவையும் அவள் கணவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

வெளியே மழை விட்டிருந்தது. பஸ் நிறுத்தத்தில் இஸ்திரி அக்காவும் கணவரும் கொக்கிக்கும் ரப்பருக்கும் முன்னால் நின்றிருந்தார்கள். பிள்ளை அவள் தோளில் தூங்கிவிட்டது. இரண்டு பேரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க எதுக்குப் போட்டீங்க?" என்று அவள்தான் ஆரம்பித்தாள்.

"மெஷினுக்குத்தான். வேற எதுக்கு? நீ?"

"காப்பகத்துக்கு. இதெல்லாம் ஒரு கேள்வியா?"

ரப்பர் வாயைத் திறந்தான். கொக்கி அவன் காலை மிதித்தாள், குதிகாலால், நன்றாகவே.

பஸ் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது. எல்லாரும் ஓடினார்கள். இஸ்திரி அக்கா மட்டும் ஓடவில்லை. பிள்ளையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, கணவரின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, ஒரு அடிக்கு ஒரு அடியாக அவரோடு நடந்தாள். கண்டக்டர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனதும், "இருங்க, என் வீட்டுக்காரர் வர்றாரு!" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

விசில் ஊதாமல் கண்டக்டர் காத்திருந்தார்.